பாலுக்கு ஒரு வயிறு சாட்சி

இசக்கியப்பனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு இருபத்தாறு வருஷம் பிடித்தது. அந்த இருபத்தாறு வருஷமும் அவர் பார்த்துவந்த தொழில் பால் வியாபாரம்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் பாதி தூரம் போய், பிரிகிற மண்பாதையில் இறங்கினால் அவருடைய ஊர். சொந்தமாக நாலு மாடு. ஊரில் இன்னும் ஏழு வீட்டுப் பாலையும் கறந்த சூட்டோடு வாங்கி, இரண்டு கேன்களில் நிரப்பி, பைக்கின் இரு பக்கமும் மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஐப்பசி மழையில் அந்தப் பாதையின் கரிசல் மண் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு வண்டியை நகரவிடாது. சித்திரையில் அதே மண் கால் நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும். இரண்டு பருவத்திலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் டவுனுக்குப் போய்ச் சேருவது தன்னுடைய திறமை என்று அவருக்கு ஒரு நினைப்பு உண்டு. கேனுக்கு மூடி இருக்கிறது என்பதை அந்த நினைப்பில் அவர் சேர்த்துக்கொள்வதில்லை.

அவருடைய வயிறு மட்டும் அவர் சொன்னபடி கேட்காது. காலையில் ஆறு மணிக்கு மேல் உப்ப ஆரம்பிக்கும். ஆறரைக்கு உள்ளே யாரோ பானையை உருட்டுவது போலச் சத்தம் கேட்கும். ஏழு மணிக்குள் ஒரு கழிப்பறை வேண்டும். கோவில்பட்டியில் எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர் சாவி கொடுப்பார், எவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்பது அவருக்கு வீட்டு வாடிக்கைகளைவிட நன்றாகத் தெரியும்.

இதற்குக் காரணம் என்னவென்று அவர் யோசிக்காமல் இல்லை. முதலில் உளுந்தங்களியைச் சந்தேகப்பட்டு நிறுத்தினார். அப்புறம் கடலை எண்ணெயை. மச்சினன் வீட்டுக் கறிக்குழம்பை மூன்று வருஷம் சந்தேகப்பட்டதில் அந்தப் போக்குவரத்தே குறைந்துபோனது. பைக் சீட்டின் சூட்டை, ஊர்க்காரர்களின் கண்ணை, கடைசியாகத் தண்ணீர்த் தொட்டியை. தினமும் காலையில் தன் கையாலேயே ஊற்றிக் குடித்ததை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. அது வீட்டு ஆள் மாதிரி. வீட்டு ஆளைத் திருடன் என்று நினைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

தினமும் குடிப்பது அவர் விருப்பத்தைப் பொறுத்த காரியமாகவும் இல்லை. அவர் பால் ஊற்றுகிற தெருமுனையில் அல்லாபிச்சையின் டீக்கடை இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பால் ஊற்றிய வேறொரு ஆள் எதையோ கலந்து பிடிபட்டுப் போக, அல்லாபிச்சை ஒரு சட்டம் போட்டார். முதல் டீ பால்காரனுக்கு. அவன் தன் கேனிலிருந்து தானே கிளாஸில் பால் ஊற்ற வேண்டும். காய்ச்சாத அந்தப் பாலிலேயே அல்லாபிச்சை கொதிக்கிற டிகாஷனை விட்டு ஆற்றிக் கொடுப்பார். பால்காரன் அதை எல்லார் முன்னாலும் குடித்து முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு டீ.

இசக்கியப்பனுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவரும் அதற்கேற்ற மாதிரி முதல் மடக்கில் கண்ணை மூடி, இரண்டாவதில் நாக்கைச் சப்புக்கொட்டி, கடைசியில் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டுவார். "ம், ஊத்துங்க பாய்" என்று அவர் சொன்ன பிறகுதான் கடை ஓட ஆரம்பிக்கும். ஒரு ஊரின் காலைப்பொழுது தன் உத்தரவுக்குக் காத்திருப்பதாக அவர் நினைத்துக்கொள்வார். அந்த உத்தரவு போட்ட அரைமணி நேரத்தில் அவர் எங்கே ஓடுகிறார் என்று யாரும் கேட்டதில்லை.

போன மாசிமாதம் வலி தாங்காமல் ஒரு சின்ன வயசு டாக்டரிடம் போனார். டாக்டர் நாக்கைப் பார்க்கவில்லை, வயிற்றை அமுக்கவில்லை. காலையில் முதலில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். அப்புறம், பத்து நாள் பாலை நிறுத்திப் பாருங்கள் என்றார். பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்கிற சக்தி சில பேர் குடலுக்கு இருக்காது, இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

"என்ன தொழில் பாக்கீங்க?"

இசக்கியப்பன் கொஞ்சம் யோசித்து, "விவசாயம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் மனைவி சொர்ணத்தாய் சிரித்த சிரிப்பில் தொழுவத்தில் மாடு திரும்பிப் பார்த்தது.

"சிரிக்காதட்டி. வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"என்ன ஆகும்? பாய்ட்ட போயி, எனக்கு ஒத்துக்கலன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"பால் குடிச்சாத்தான் எலும்பு நிக்கும்னு தெருத்தெருவாச் சொன்னவன் நான். நானே குடிக்கலன்னா எவன் வாங்குவான்? அந்தப் பெஞ்சில இருக்கவனுவ சும்மா விடுவானுவளா?"

"ஒங்களுக்குத்தான பால் ஒத்துக்கல. பாலுக்கு ஒண்ணும் இல்லயே?"

இந்தக் கேள்வியில் இருந்த தெளிவு அவருக்குப் பிடிக்கவில்லை. அவருக்கு வேண்டியது வெள்ளையாக ஏதாவது ஒன்று. கிளாஸில் பாலைப் போல இருக்க வேண்டும். வயிற்றில் பாலைப் போல நடந்துகொள்ளக் கூடாது.

"தேங்காப்பால் எடுப்பமா?" என்றார்.

"தேங்கா விக்கிற வெலைக்கா? கடலைய அரைச்சுப் பிழிஞ்சா வெள்ளையாத்தான வரும்."

மறுநாள் அவரே போய் ஒரு கிலோ கடலை வாங்கிவந்தார். கோவில்பட்டியில் கடலை என்றால் மிட்டாய்க்குப் போகிற கடலைதான். வறுத்து, தோல் ஊதி, பருப்பு இரண்டாகப் பிளந்தது. மிட்டாய் போடுகிற தெரிந்த இடம் ஒன்றில் பொறுக்கியெடுத்த முதல் தரமாகக் கேட்டு வாங்கினார். வறுத்த கடலை பால் விடாது என்பது அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்குத் தோன்றவே இல்லை. அரைக்க அரைக்க அது பழுப்பாக, உருண்டையாகத் திரண்டது. தண்ணீர் விட்டதும் கூழானது. துணியில் கட்டிப் பிழிந்தபோது துணி எண்ணெயைக் குடித்துக்கொண்டது, பால் வரவில்லை. சொர்ணத்தாய் அதில் உப்பும் புளியும் போட்டு, கடுகு தாளித்து, அன்று ராத்திரி தோசைக்குச் சட்னியாக வைத்தாள். நன்றாக இருந்தது. அதுதான் அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

இரண்டாவது தடவை பச்சைக் கடலை. மத்தியானமே ஊறப்போட்டு, சாயங்காலம் கசக்கித் தோலை எடுத்து, மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு அரைத்து, பழைய வேட்டித் துண்டில் பிழிந்தார்கள். இந்தத் தடவை வெள்ளையாகவே வந்தது. இசக்கியப்பனுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கொஞ்சம் வருத்தம். பசுவுக்குப் புல் போட்டு, சாணி அள்ளி, உதை வாங்கி எடுப்பதை மிக்சி கால் மணி நேரத்தில் எடுத்துவிடுகிறதே என்று.

அடுப்பில் வைப்பது என் வேலை என்று சொர்ணத்தாயை நகர்த்திவிட்டார். பால் காய்ச்சுவதில் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? மூன்று நிமிஷத்தில் நுரை கட்டிப் பொங்கி வந்தது. பொங்கிய பால் வெந்த பால். இருபத்தாறு வருஷ அனுபவம். சட்டென்று இறக்கிவைத்து ஒரு டம்ளர் குடித்தார். ஒரே பச்சை வாடை. பசும்பாலுக்கு நான் குறைந்தவன் இல்லை என்று கடலைப்பால் விடியும் முன் வயிற்றில் காட்டிவிட்டது.

"அது பொங்குனது பொய்ப் பொங்கல்லா" என்றாள் சொர்ணத்தாய். "நொரைதான் மேல வந்துருக்கு. உள்ள வேகவே இல்ல. தீயக் கொறைச்சுக் கால் மணி நேரம் கிண்டணும். மாட்டுப்பாலு மாதிரி நெனச்சா முடியுமா?"

"முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"நகரு, எனக்குத் தெரியும்னு சொன்னது யாரு?"

மூன்றாவது தடவை அவள் கிண்டினாள். ஒரு சிட்டிகை உப்பு போட்டாள். குடிக்கும்படி இருந்தது. அதற்கு மேல் புகழ இசக்கியப்பனுக்கு மனசு வரவில்லை. என்ன இருந்தாலும் பால்காரர். ஆனால் அன்று ராத்திரி வயிறு பேசவில்லை. அடுத்த ராத்திரியும் பேசவில்லை.

இனி டீக்கடை. சூடாகக் காய்ச்சிய கடலைப்பாலைக் கால் லிட்டர் பாட்டிலில் ஊற்றித் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். அல்லாபிச்சை டிகாஷன் பையைத் தூக்கப் பாய்லர் பக்கம் திரும்புகிற நேரம், கேன் மேல் குனிந்து, அளவுக் குவளையை எடுப்பது போலப் பாட்டிலை எடுத்து, துண்டு மறைவிலேயே கிளாஸில் சாய்த்துவிடுவார். முதல் நாள் இரண்டு தடவை குனிய வேண்டியிருந்தது. நாலாம் நாள் ஒரே தடவையில் முடிந்தது. பத்தாம் நாள் அதில் ஒரு நளினமே வந்துவிட்டது. கிளாஸின் மேலே எண்ணெய் சின்னச் சின்னப் பொட்டாக மிதக்கும். ஆற்றியதும் நுரை அதை மூடிவிடும். கடலை வாசம் வரும். ஆனால் கோவில்பட்டியில் காற்றே கடலை வாசம் அடிக்கும்போது, ஒரு கிளாஸிலிருந்து வருவதை யார் தனியாக மோந்து பார்க்கப்போகிறார்கள்?

அவர் தன் வாழ்க்கையில் பாலில் தண்ணீர் கலந்ததில்லை. கலந்தால் தெரிந்துபோகும் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், கலந்ததில்லை என்பது நிஜம். ஐம்பத்து மூன்றாவது வயசில்தான் அவர் கலப்படம் செய்ய ஆரம்பித்தார். அதுவும் தன்னுடைய கிளாஸில். உலகத்தில் எந்தக் கலப்படக்காரனும் தன்னை மட்டும் ஏமாற்றாமல் ஊரை ஏமாற்றுவான். இவர் ஊருக்கு நல்ல பாலைக் கொடுத்துவிட்டு ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தார். இதை நினைத்து வண்டியில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொள்வார். வயிறு நன்றாக இருந்ததால் சிரிக்கவும் முடிந்தது.

இருபத்து மூன்றாம் நாள், சித்திரை வெயில் ஏறுகிற காலம், வழக்கம்போலக் கிளாஸைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, டீக்கடைக்கு ஒரு கேனை இறக்கி வைத்தார். மற்ற கேனோடு தெருவுக்குள் திரும்பினார். எப்போதும் படிகளில் பாத்திரங்கள் காத்திருக்கும். அன்று ஒரு படியிலும் பாத்திரம் இல்லை. முதல் வீட்டு வாசலில் பாத்திமுத்து அக்கா நின்றுகொண்டிருந்தார். புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி வாங்கிவந்து வீட்டில் இரண்டு மிஷின் போட்டு நைட்டி தைக்கிறவர். அரை இஞ்ச் தப்பினாலும் பிரித்துத் தைக்கிற ஆள். அந்தத் தெருவில் அவர் வாங்குகிற பாலைத்தான் மற்றவர்கள் நம்பி வாங்குவார்கள். அவர் கையில் பாத்திரத்துக்குப் பதில் போன் இருந்தது.

"இசக்கி, இது நீதான?"

தெரு குரூப்பில் யாரோ போட்ட வீடியோ. கேன் மேல் ஒரு ஆள் குனிகிறார். துண்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டில் வருகிறது. வெள்ளையாக ஏதோ ஊற்றுகிறது. பாட்டில் மறுபடியும் துண்டுக்குள் போகிறது. குனிகிற ஆளின் முகம் தெளிவாக இருந்தது. இசக்கியப்பனுக்கு முதலில் தோன்றியது, தலையில் இவ்வளவு வழுக்கையா என்பதுதான்.

"நம்ம ஆட்டோ சுடலைக்குமாரு போட்டுருக்கான். ரெண்டு நாளாப் பாத்துட்டே இருந்தானாம். என்னது அது?"

"அது... மருந்து, அக்கா."

"மருந்தா? பால்லயா?"

"பால்ல இல்ல. என் டீல."

"வெள்ளையா இருக்கே."

"கடலைப்பாலு."

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

"அப்போ கடலைய அரைச்சு எங்க பால்ல கலக்குத!"

"அய்யோ, இல்லக்கா. எனக்குப் பால் ஒத்துக்காது. வயிறு கலக்கிரும். அதான் டீக்கு மட்டும்..."

பாத்திமுத்து அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பால்காரனுக்குப் பால் ஒத்துக்காது."

"ஆமா."

"இருவத்தாறு வருசமா எங்க கண்ணு முன்னால குடிச்ச."

"ஆமா."

"இதவிட ஒனக்கு ஒரு காரணம் கெடைக்கலயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்த வீட்டில் கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் சன்னல் திறந்து மூடியது.

மணி ஆறே முக்கால். ஒரு கேன் பால் வண்டியில், ஒன்று டீக்கடையில். இந்த வெயிலில் ஒன்பதுக்கு மேல் தாங்காது. தன் மாட்டுப்பால் போனால் போகட்டும் என்றாலும், ஏழு வீட்டுப் பால் அதில் இருக்கிறது. அதைவிட, நாளைக்கு இந்தத் தெருவுக்குள் எந்த முகத்தோடு வருவது? இருபத்தாறு வருஷம் சொட்டுத் தண்ணீர் கலக்காதவன் என்கிற ஒன்றைத் தவிர அவரிடம் காட்ட வேறு எதுவும் இல்லை. அது இப்போது ஒரு கால் லிட்டர் பாட்டிலில் கரைந்துகொண்டிருந்தது.

வண்டியைத் திருப்பி டீக்கடைக்கு வந்தார். பெஞ்சில் யாரும் டீ குடிக்கவில்லை. அல்லாபிச்சை கேனுக்கு மேல் ஒரு தட்டைப் போட்டு மூடி, அதன் மேல் கையை வைத்திருந்தார், உள்ளேயிருந்து ஏதோ வெளியே வந்துவிடும் என்பது போல.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?"

இசக்கியப்பன் எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர், வறுத்த கடலை, பொய்ப் பொங்கல், பாட்டில். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. பொய் இவ்வளவு சிக்கலாக இருக்காது என்று யாராவது நினைப்பார்களா என்று முகங்களைப் பார்த்தார். யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

"அண்ணாச்சி, பால்காரனுக்குப் பால் ஒத்துக்கலங்கது, டிரைவருக்கு ரோடு ஒத்துக்கலங்க மாதிரி இருக்கு" என்றான் சுடலைக்குமார். வீடியோ எடுத்ததில் அவனுக்கு ஒரு தளபதியின் தோரணை வந்திருந்தது.

"அப்படின்னா ஒண்ணு செய்வோம்" என்றார் இசக்கியப்பன். இதை அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாய் முந்திக்கொண்டது. "பாய், அந்தக் கேன நீங்களே தொறங்க. நீங்களே காய்ச்சுங்க. நான் தொடவே மாட்டேன். ஒரு செம்பு நிறையக் குடிக்கேன். பால் சுத்தமா இருந்தா அரைமணிநேரத்துல என் வயிறு சொல்லும். சொல்லலன்னா நான் கலக்குதேன்னு வச்சுக்கிடுங்க. நாளையிலருந்து இந்தப் பக்கம் வரல."

பெஞ்சில் இருந்தவர்கள் கேனையும் அவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அப்புறம் சுடலைக்குமார் போனில் நேரம் பார்த்தான். "ஆறு அம்பத்தஞ்சு."

அல்லாபிச்சை காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார். இசக்கியப்பன் குடித்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, சப்புக்கொட்டவில்லை. இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு குடிக்கும் பால். நல்ல பால். அவ்வளவு நல்ல பாலை இத்தனை வருஷம் தான் ருசி பார்த்ததே இல்லை, நடித்ததுதான் உண்டு என்று அப்போது தெரிந்தது.

பெஞ்சின் நடுவில் அவரை உட்கார வைத்தார்கள். தெருவிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பாத்திமுத்து அக்காவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்கு எதிரே இருந்த மரத்தடியில் வந்து நின்றார்.

ஏழு பத்து. ஒன்றுமில்லை.

ஏழு இருபது. வயிறு, பால் குடித்த பூனை மாதிரி சாந்தமாக இருந்தது.

"என்ன அண்ணாச்சி, சத்தத்தையே காணும்?"

"இரு. வரும்."

"சிக்னல் கெடைக்கலையோ?"

பெஞ்சு சிரித்தது. இசக்கியப்பன் சிரிக்க முயன்றார். இத்தனை வருஷம் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிடாதே என்று இந்த வயிற்றிடம் கெஞ்சியிருக்கிறார். கல்யாண வீட்டில், கோயில் வரிசையில், துக்க வீட்டில். அது ஒரு நாளும் கேட்டதில்லை. இன்றைக்கு வாயைத் திற என்று கெஞ்சுகிறார். அதற்கும் அது மசியவில்லை. எப்போதும் மாற்றிச் செய்வதுதான் அதன் கொள்கை போலும். கேன் மேல் வெயில் வந்துவிட்டது. அல்லாபிச்சை கேனை நிழலுக்கு நகர்த்தினார். அந்தச் சின்னக் காரியத்தை இசக்கியப்பன் பார்த்தார். பால் கெட்டுவிடக் கூடாது என்று இன்னும் ஒருவர் நினைக்கிறார்.

ஏழு முப்பத்தைந்துக்கு, ஆள் இல்லாத வீட்டில் அண்டாவை யாரோ நகர்த்துவது போல, ஒரு சத்தம் கேட்டது. நீளமாக. பெஞ்சின் கடைசியில் இருந்தவருக்கும் கேட்டது.

"ஏலே, பேசுது!" என்று கத்தினான் சுடலைக்குமார்.

அடுத்தது அதைவிடப் பெரிசாக வந்தது. யாரோ கைதட்டினார்கள். இசக்கியப்பன் நெற்றி வியர்க்க எழுந்தார்.

"பின்னால போம்வே, தண்ணி இருக்கு" என்று அல்லாபிச்சை கதவைக் காட்டினார். கூட்டம் வழிவிட்டது. தேர்தலில் ஜெயித்தவர்களுக்கு விடுவது போல.

உள்ளே உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு விஷயம் தோன்றியது. இந்தப் பரீட்சையில் ஒரு ஓட்டை இருக்கிறது. பாலில் பாதி கடலைப்பாலைக் கலந்திருந்தாலும் மீதிப் பாதிக்கு வயிறு இப்படித்தான் கலங்கும். தண்ணீர் கலந்திருந்தாலும் இதே கதைதான். கேனில் பால் இருக்கிறது என்பதற்குத்தான் இந்த வயிறு சாட்சி. பால் மட்டும்தான் இருக்கிறது என்பதற்கு இல்லை. வெளியே கைதட்டுகிறவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. போய்ச் சொல்ல வேண்டாமா? இருபத்தாறு வருஷ நேர்மை அந்தக் கழிப்பறையில் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தது.

வெளியே பாத்திரங்கள் வந்திருந்தன. செம்பு, தூக்குவாளி, ஒரு வீட்டில் அவசரத்துக்குக் குக்கர். சுடலைக்குமார் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான்.

"நாளையிலருந்து மொத டீ ஒமக்குக் கெடையாது" என்றார் அல்லாபிச்சை. "பால் விடாத கட்டன் சாயா தாரேன், குடிச்சிட்டுப் போம். மொத டீய இந்தச் சுடலை குடிக்கட்டும். இவனுக்குத்தான பால் மேல இம்புட்டு அக்கறை."

"ஓசியா பாய்?"

"ஓசி என்னலே ஓசி? சாட்சிக்காரனுக்குக் கூலி எந்த ஊர்ல குடுக்கான்?"

இசக்கியப்பன் அளந்து ஊற்றினார். எட்டே காலுக்குள் கேன் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஆனால் வரிசையில் பாத்திமுத்து அக்கா இல்லை. மரத்தடியிலும் இல்லை.

அந்த வீட்டுக்கு ஊற்றாமல் போனால் மற்றதெல்லாம் ஒரு நாள் வேடிக்கையோடு முடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கூட்டம் கைதட்டும், நாளைக்கு வேறு எதற்காவது கைதட்டும். வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் அந்த வாசலில் நின்றார். உள்ளே மிஷின் நின்றது.

"அக்கா, பாலு."

பாத்திமுத்து அக்கா வெளியே வந்தார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது.

"வயிறு எப்பிடி இருக்கு?"

"பரவால்லக்கா."

"நானும் அங்கன நின்னு பாத்தேன். ஒண்ணு கேக்கேன். பாதி பாலு, பாதி ஒன் கடலைன்னு கலந்துருந்தாலும் வயிறு கலங்கத்தான செய்யும்?"

இசக்கியப்பன் குவளையைக் கேன் மூடி மேல் வைத்தார். இல்லை என்று சொல்லலாம். டாக்டர் சொன்னார் என்று ஏதாவது சொல்லலாம். இருபத்து மூன்று நாள் கை பழகிய நளினம் வாய்க்கு வரவில்லை.

"செய்யும்" என்றார். "எனக்கும் உள்ள உக்காந்திருக்கும்போதுதான் தோணிச்சு."

"தோணிச்சா? தோணியும் வெளிய வந்து சொல்லல."

"சொல்லல."

"ஏன்?"

"எல்லாரும் கைதட்டுனாவ. பாலும் கெட்டுப்போகும் போல இருந்துச்சு. பயந்துட்டேன்."

பாத்திமுத்து அக்கா டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார்.

"ஏமாத்தணும்னு இருக்கவன் இம்புட்டுக் கேவலமா ஏமாத்த மாட்டான்" என்றார். "பாட்டில வேற இடுப்புல வச்சுக்கிட்டு. கூறுகெட்டவன்."

இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் தனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று இசக்கியப்பனுக்குத் தோன்றியது. தலையை ஆட்டினார். பாத்திமுத்து அக்கா உள்ளே போய்ப் பாத்திரத்தோடு வந்தார். எப்போதும் வாங்குவது ஒரு லிட்டர். கேன் மூடியை இசக்கியப்பன் திறக்கும்போது, "அரை" என்றார் அக்கா.

"அரையாக்கா?"

"அரைதான். மீதிய பொறவு பாப்போம்."

அரை லிட்டர் அளந்து ஊற்றினார். ஊற்றிவிட்டு, வழக்கம்போலக் குவளையை மறுபடி கேனுக்குள் விட்டு, கொசுறாகக் கொஞ்சம் சாய்க்கப் போனார்.

"அரைன்னா அரைதான்" என்று பாத்திமுத்து அக்கா பாத்திரத்தை இழுத்துக்கொண்டார். குவளையில் இருந்த பால் படியில் சிந்தியது.